புரோகிராம் வாங்கும் முன் அதன் பிளானைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் நிறைய விசாரிக்கிறோம். ராம் எத்தனை ஜி.பி., ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா, வாரண்டி எத்தனை வருடம் என்று நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால் அதில் போடப் போகும் புரோகிராமைப் பற்றி நாம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். விலை என்ன? பயன்படுத்த எளிதாக இருக்குமா?

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் புரோகிராம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? இதைக் கேட்க உங்களுக்குப் புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீடு வாங்கும்போது சுவரை இடித்தா பார்க்கிறோம்? பிளானைக் காட்டச் சொல்கிறோம். கிணறு எங்கே, செப்டிக் டேங்க் எங்கே, பின்னால் ஒரு மாடி எடுக்க முடியுமா என்று கேட்கிறோம். அதே மாதிரிதான் இதுவும். என்னைப் போன்ற சாப்ட்வேர் இன்ஜினியர்கள் இந்தப் பிளானை ஆர்க்கிடெக்சர் என்போம். இந்தக் கட்டுரையில் கட்டமைப்பு என்றே சொல்லிக் கொள்வோம்.

திரும்பத் திரும்பப் பயன்படும் சில கட்டமைப்புகளுக்கு பேட்டர்ன் என்று பெயர். இந்தப் பெயரே வீடு கட்டுபவர்களிடமிருந்து வந்ததுதான். கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலை வல்லுநர், கட்டடங்களில் மீண்டும் மீண்டும் வரும் பிரச்னைகளையும் அவற்றுக்கான தீர்வுகளையும் தொகுத்து, தன் குழுவினருடன் 1977-ல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த முறையைப் புரோகிராம்களுக்குக் கையாண்டு 1994-ல் நான்கு பேர் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ என்ற நூல் இந்தத் துறையில் மிகவும் புகழ் பெற்றது.

அப்ளிகேஷனின் மூன்று பகுதிகள்

எந்த அப்ளிகேஷனை எடுத்தாலும் அதில் மூன்று பகுதிகள் இருக்கும். நாம் பார்த்து டைப் செய்கிற திரை முதல் பகுதி. கணக்குப் போடும் விதிகள் இரண்டாவது பகுதி. தகவல்களைச் சேர்த்து வைக்கும் இடம் மூன்றாவது பகுதி.

மருந்துக் கடையில் பில் போடும் புரோகிராமை எடுத்துக் கொள்வோம். மருந்தின் பெயரை டைப் செய்யும் கட்டம், திரை. ‘காலாவதித் தேதி தாண்டியிருந்தால் பில் போடாதே’ என்பது விதி. எந்த மருந்து எத்தனை பட்டை இருக்கிறது என்ற கணக்கு, சேமிப்பு. இந்த மூன்றையும் எங்கெங்கே வைப்பது, ஒன்றோடு ஒன்று எப்படிப் பேசிக் கொள்வது என்பதுதான் கட்டமைப்பு. 

மருந்துக் கடையை உதாரணமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பரில் என் சித்தப்பா தன் கடைக்கு இப்படி ஒரு புரோகிராம் வாங்க நினைத்தார். திருவாரூர் மாவட்டத்தில் சிறிய ஊர். கடையில் இரண்டு கவுன்டர்கள், பின்னால் ஒரு ஸ்டாக் அறை. கம்ப்யூட்டரே அவருக்குப் புதிது. மூன்று பேர் வந்து டெமோ காட்டிவிட்டுப் போனார்கள். மூன்று திரைகளும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருந்தன. ‘‘எதுப்பா நல்லது?’’ என்று எனக்கு போன் செய்தார்.

‘‘அதை அப்புறம் சொல்றேன் சித்தப்பா. எது நின்னா உங்க கடை நின்னுடும்னு முதல்ல நீங்க சொல்லுங்க’’ என்றேன்.

கொஞ்சம் யோசித்து அவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். கரன்ட் போனாலும் நெட் போனாலும் பில் நிற்கக் கூடாது. காலாவதியான மருந்து எந்த கவுன்டரையும் தாண்டக் கூடாது. எச்1 பதிவேடு காணாமல் போகக் கூடாது.

கடைசியாகச் சொன்னது சட்டம் சம்பந்தப்பட்டது. சில ஆன்டிபயாடிக்குகள், காச நோய் மருந்துகள் போன்றவை ஷெட்யூல் எச்1 என்ற பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச் 1 முதல், இவற்றை விற்கும்போது டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனியாகப் பதிந்து, அந்தப் பதிவை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆக, புரோகிராம் விற்றவர் அடுத்த வருடமே தொழிலை விட்டுப் போனாலும் பதிவு நம் கையில் இருக்க வேண்டும்.

இந்த மூன்று தேவைகளையும் கையில் வைத்துக் கொண்டு, வந்த மூன்று பிளான்களையும் பார்ப்போம்.

1. எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்

திரை, விதி, சேமிப்பு மூன்றும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும். இதுதான் மிகப் பழைய, மிக எளிய முறை. நெட் வேண்டாம், வேறு எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம். 

எளிய முறை என்பதால் மட்டமானது என்று நினைத்துவிடாதீர்கள். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் வெளியிட்ட எஸ்.க்யூ.லைட் என்ற டேட்டாபேஸ், எத்தனை தகவல் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே பைலில் வைத்துக் கொள்ளும். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்ட் போனிலும் ஐபோனிலும் அது இருக்கிறது. பேக்கப் எடுப்பதும் சுலபம். புரோகிராமை மூடிவிட்டு அந்த ஒரு பைலை வேறு டிஸ்க்கில் காப்பி செய்தால் போதும்.

இரண்டாவது கம்ப்யூட்டர் வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு கவுன்டரிலும் தனித்தனி கணக்கு இருந்தால், ஒன்றில் விற்றது மற்றதற்குத் தெரியாது. ஸ்டாக் அறையில் ‘இந்த பேட்ச் காலாவதி, விற்காதே’ என்று குறித்தாலும் ஒரு கவுன்டருக்குத்தான் தெரியும். சித்தப்பாவின் இரண்டாவது தேவை இங்கேயே அடிபட்டுப் போகிறது.

டெமோ காட்டிய முதல் ஆள் இதற்கு ஒரு வழி சொன்னார். டேட்டா பைலை ஷேர்டு போல்டரில் போட்டுவிட்டு, இரண்டு கவுன்டர்களிலிருந்தும் அதையே திறக்கலாம் என்றார். இது ஆபத்தான வழி. இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே பைலில் ஒரே நேரத்தில் நெட்வொர்க் வழியாக எழுதும்போது பைலே கெட்டுப் போக வாய்ப்பு உண்டு. நெட்வொர்க்கில் பல கம்ப்யூட்டர்கள் ஒரே டேட்டாபேசைப் பயன்படுத்துவதாக இருந்தால், அடுத்து வரும் கிளையன்ட் சர்வர் வகைக்குப் போங்கள் என்று எஸ்.க்யூ.லைட்டைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள்.

2. கிளையன்ட் சர்வர்

இதில் சேமிப்பு ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். அது சர்வர். சர்வர் என்றதும் குளிர்சாதன அறையில் வைக்கும் பெரிய மெஷினைக் கற்பனை செய்ய வேண்டாம். ஸ்டாக் அறையில் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். கவுன்டரில் உள்ள கம்ப்யூட்டர்கள் கிளையன்ட். அவை எதையும் தாங்களே எழுதுவதில்லை. ‘இந்த பேட்ச்சில் ஒரு பட்டை விற்கலாமா?’ என்று சர்வரைக் கேட்கும். கடைக்குள் ஓடும் நெட்வொர்க் கேபிள்தான் இவற்றுக்கு இடையே பாதை. இன்டர்நெட் தேவையில்லை.

கடைசியாக ஒரே ஒரு பட்டை இருக்கிறது, இரண்டு கவுன்டர்களும் ஒரே நொடியில் அதைக் கேட்கின்றன என்று வைத்துக் கொள்வோம். சர்வர் முதலில் வந்த கேள்வியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கும். எனவே, இரண்டாவது கவுன்டருக்கு ‘ஸ்டாக் இல்லை’ என்று பதில் வரும்.

ரயில் ரிசர்வேஷனில் நடப்பதும் இதுதான். டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து ரிசர்வேஷன் மையங்களும் 1999-ல் ஒரே நெட்வொர்க்கில் இணைக்கப்பட்டன. சென்னைக் கவுன்டரில் ஒருவரும் டில்லிக் கவுன்டரில் ஒருவரும் ஒரே பெர்த்தைக் கேட்டாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அந்த ரயிலின் பெர்த் கணக்கு ஓரிடத்தில் மட்டும் இருப்பதுதான் காரணம்.

இதன் பலவீனம் எங்கே? சர்வரில்தான். அது நின்றால் இரண்டு கவுன்டர்களும் நின்றுவிடும். 

3. இன்டர்நெட்டில் இயங்கும் வெப் அப்ளிகேஷன்

கவுன்டரில் வெறும் பிரவுசர் மட்டும் இருக்கும். விதிகளும் சேமிப்பும் எங்கோ ஒரு ஊரில் இருக்கும் கம்பெனியின் சர்வர்களில் இருக்கும். மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும்.

இதன் நன்மைகள் கவர்ச்சியானவை. வீட்டிலிருந்தே போனில் வியாபாரத்தைப் பார்க்கலாம். பேக்கப் எடுக்கும் வேலை அவர்களுடையது. உங்கள் கம்ப்யூட்டர் திருடு போனாலும் கணக்கு பத்திரமாக இருக்கும். இரண்டு ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி சொல்வது கடினம்.

ஆனால் நெட் நின்றால் பில் நிற்கும். உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தாலும், அவர்கள் பக்கம் தடங்கல் வரலாம். 2021 அக்டோபர் 4 அன்று, இந்திய நேரப்படி இரவு 9 மணிக்கு மேல், பேஸ்புக், வாட்ஸ் அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் 6 மணி நேரம் நின்று போயின. அப்போதும் வாட்ஸ் அப்பில் பழைய செய்திகளைப் படிக்க முடிந்தது. காரணம், அந்தச் செய்திகள் போனிலேயே சேமிக்கப்பட்டிருந்தன. புதிய செய்தி அனுப்புவதற்குத்தான் சர்வர் தேவைப்பட்டது. எது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எது நிற்கும் என்பது அமையும்.

நெட் இல்லாதபோதும் வேலை செய்யும் வெப் அப்ளிகேஷன்களும் உண்டு. அவை கவுன்டரிலேயே ஒரு நகல் வைத்துக் கொண்டு, நெட் வந்ததும் சர்வரோடு ஒப்பிட்டுக் கொள்ளும். ஆனால் நெட் இல்லாத அந்த நேரத்தில் இரண்டு கவுன்டர்களும் அதே கடைசிப் பட்டையை விற்றுவிட முடியும். இப்படி ஒரு புரோகிராமை விற்க வந்தால், ‘அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்?’ என்று அவசியம் கேளுங்கள்.

மைக்ரோ சர்வீஸ் வேண்டுமா?

மூன்றாவதாக வந்தவர், தங்கள் புரோகிராம் மைக்ரோ சர்வீஸ் முறையில் கட்டப்பட்டது, அதனால் உயர்ந்தது என்று அழுத்திச் சொன்னார். சித்தப்பா அந்த வார்த்தையைத் துண்டுச் சீட்டில் எழுதியே வைத்திருந்தார். அது என்ன?

பெரிய அப்ளிகேஷன் ஒன்றைப் பல சிறிய அப்ளிகேஷன்களாகப் பிரித்துத் தனித்தனியாக ஓட விடுவதுதான் மைக்ரோ சர்வீஸ். நெட்பிளிக்ஸ் இதற்குப் பிரபலமான உதாரணம். 2008 ஆகஸ்டில் அவர்களுடைய டேட்டாபேஸ் கெட்டுப் போய், மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டி.வி.டி. அனுப்ப முடியாமல் போயிற்று. ஒரே இடத்தில் எல்லாம் இருந்ததன் விளைவு. அதன் பிறகு அப்ளிகேஷனை நூற்றுக்கணக்கான சிறு சர்வீஸ்களாகப் பிரித்து, அமேசானின் கிளவுட் சர்வர்களுக்கு மாறினார்கள். வேலை முடிந்தது 2016 ஜனவரியில். ஏழு ஆண்டுகள்!

எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. அமேசானின் பிரைம் வீடியோவில் ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் குழு ஒன்று, பல சிறு பகுதிகளாகச் சிதறியிருந்த தன் அப்ளிகேஷனை ஒரே அப்ளிகேஷனாகச் சேர்த்துக் கட்டியது. செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023-ல் அவர்களே எழுதினார்கள்.

இரண்டு குழுவினரும் கெட்டிக்காரர்கள். இரண்டு முடிவுகளும் அவரவர் தேவைக்குச் சரி. கூட்டுக் குடும்பத்துக்கு நாலு அடுப்பு தேவைப்படலாம். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் நாலு அடுப்பு வைத்தால் துடைக்கும் வேலைதான் மிச்சம். இரண்டு கவுன்டர் கடைக்கு மைக்ரோ சர்வீஸ் ஒரு கூடுதல் தகுதியே அல்ல.

உள்ளே அடுக்குகள் இருக்கின்றனவா?

இதுவரை எந்தப் பகுதி எந்தக் கம்ப்யூட்டரில் என்று பார்த்தோம். ஒரே கம்ப்யூட்டருக்குள்ளும் இந்த மூன்று பகுதிகளும் பிரிந்து இருக்க வேண்டும். நார்வே நாட்டைச் சேர்ந்த டிரிக்வே ரீன்ஸ்காக் என்பவர், 1979-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி மையத்தில் இருந்தபோது, தகவல், திரை, கட்டுப்பாடு என்று மூன்றாகப் பிரிக்கும் எம்.வி.சி. என்ற முறையை உருவாக்கினார். அதற்கும் முன்பே, 1972-ல், டேவிட் பார்னாஸ் என்பவர் எதை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று விளக்கியிருந்தார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பின்னால் மாறக்கூடிய விஷயம் ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் அடக்கிவிடுங்கள். மாறும்போது அந்த ஒரு பகுதியைத் தொட்டால் போதும்.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. உயிர் காக்கும் மருந்துகள் 33-க்கு வரியே இல்லை என்று ஆயிற்று. ஒரே நாளில் கடையில் உள்ள பெரும்பாலான பொருள்களின் வரி மாறியது. வரி விதி ஓரிடத்தில் இருந்த புரோகிராமில் இது சில நிமிட வேலை. பில் திரையில் ஒன்று, ரிட்டர்ன் திரையில் ஒன்று, ரிப்போர்ட்டில் ஒன்று என்று வரி விகிதத்தை வாரி இறைத்திருந்த புரோகிராமில் எங்கேயாவது ஒன்று விடுபட்டுத்தான் போகும்.

எனவே, மூன்று பேரையும் திரும்ப வரச் சொல்லி, ஒரு மருந்தின் வரியை எங்கள் கண் முன்னால் மாற்றிக் காட்டச் சொன்னேன். முதல் ஆள், ‘‘ஆபீசில் சொல்லி மாற்றித் தருகிறோம் சார்’’ என்றார். மற்ற இருவரும் ஒரு பட்டியலைத் திறந்து அங்கேயே மாற்றினார்கள். இரண்டாவது ஆளின் பட்டியலில் வரியோடு, அது எந்தத் தேதியிலிருந்து என்ற கட்டமும் இருந்தது. இந்தக் கட்டம் முக்கியம். செப்டம்பர் 20-ல் விற்ற மருந்து 25-ல் திரும்பி வந்தால், விற்ற அன்று இருந்த வரிப்படிதான் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தோம்?

சித்தப்பாவின் தேவைகளை வைத்துப் பார்த்தால் விடை தானாகவே வந்துவிட்டது. இரண்டு கவுன்டருக்கும் ஒரே கணக்கு வேண்டும் என்பதால் முதல் வகை போயிற்று. நெட் போனாலும் பில் ஓட வேண்டும் என்பதால் மூன்றாவது வகை போயிற்று. மிச்சம் இருந்தது கிளையன்ட் சர்வர்.

சர்வர் நின்றால் எல்லாம் நிற்கும் என்ற பலவீனத்தை அப்படியே விட்டுவிட முடியாது. எனவே, இந்த ஏற்பாடுகளைச் செய்தோம்.

• சர்வர், கவுன்டர் கம்ப்யூட்டர்கள், பிரிண்டர்கள் எல்லாவற்றுக்கும் யு.பி.எஸ். இணைப்பு. கேபிள்கள் வந்து சேரும் சிறிய நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கும் யு.பி.எஸ். இணைப்பு தரப்பட்டது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சர்வர் ஓடிக் கொண்டிருக்கும், ஸ்விட்ச் அணைந்திருக்கும், பில் வராது.

• தினமும் கடை மூடியதும் வெளி டிஸ்க் ஒன்றில் தானாக பேக்கப். வாரம் ஒரு முறை இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். கடைக்குள் வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்து நனையக் கூடாது அல்லவா?

• பேக்கப்பிலிருந்து இரண்டாவது கவுன்டர் கம்ப்யூட்டரையே சர்வராக மாற்றிக் காட்ட வேண்டும் என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டோம். முக்கால் மணி நேரத்தில் செய்து காட்டினார்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

• எச்1 பதிவேடு உட்பட எல்லாத் தகவல்களையும் எக்செல்லில் திறக்கக் கூடிய பைலாக எடுக்கும் வசதி. 

இதில் இழந்ததும் உண்டு. ‘‘வீட்ல இருந்து போன்ல பார்க்க முடியாதாப்பா?’’ என்று சித்தப்பா இன்றும் கேட்கிறார். முடியாது. பக்கத்து ஊரில் கிளை திறந்தால் அப்போது மூன்றாவது வகையை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். எல்லாத் தேவைக்கும் பொருந்தும் கட்டமைப்பு என்று ஒன்று கிடையாது. எது பழுதாகும்போது எது நிற்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் தேர்வு. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் கடைக்காரர். விற்க வந்தவரிடம் அதை விட்டுவிடக் கூடாது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே கணக்குத்தான்

கடை இல்லாதவர்களுக்கும் போட்டோக்கள் இருக்கும். கூகுள் நிறுவனத்தின் இரண்டு பழைய அப்ளிகேஷன்களைப் பாருங்கள். பிகாசா என்ற புரோகிராம் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யும் வகை. 2016 மார்ச்சில் கூகுள் அதைக் கைவிட்டது. அதைப் பயன்படுத்தியவர்களின் படங்கள் அவரவர் ஹார்ட் டிஸ்க் போல்டர்களில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. கூகுள் பிளஸ் முழுக்க வெப் வகை. 2019 ஏப்ரலில் அது மூடப்பட்டபோது, அதில் மட்டும் போட்டு வைத்த படங்களும் பதிவுகளும் நீக்கப்பட்டன. முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. அதைப் பார்த்து இறக்கி வைத்துக் கொண்டவர்களுக்குத்தான் மிஞ்சியது. அதே சமயம், ஹார்ட் டிஸ்க் பழுதானால் பிகாசாக்காரர் பாடுதான் திண்டாட்டம். ஒவ்வொரு பிளானுக்கும் உடையும் இடம் வேறு. எனவே, முக்கியமானவற்றை இரண்டு இடங்களிலும் வைப்பதே நல்லது.

வீட்டுக் கணக்கோ, கடைப் பில்லோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்கோ, எந்தப் புரோகிராமையும் வாங்கும் முன், அல்லது யாரையாவது எழுதித் தரச் சொல்லும் முன், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. என் தகவல் எந்தக் கம்ப்யூட்டரில் சேமிக்கப்படும்?

2. ஒரே நேரத்தில் எத்தனை பேர் அதை மாற்றலாம்? இருவர் ஒன்றையே மாற்றினால் என்ன ஆகும்?

3. நெட் இல்லாதபோது எது ஓடும், எது நிற்கும்?

4. நாளைக்கு வரி மாதிரி ஒரு விதி மாறினால் யார், எங்கே மாற்ற வேண்டும்? இப்போதே மாற்றிக் காட்ட முடியுமா?

5. உங்கள் கம்பெனி மூடப்பட்டால் என் தகவலை எப்படி எடுத்துக் கொள்வேன்?

ஐந்துக்கும் தெளிவான பதில் சொல்பவரிடம் மட்டும் விலை பேசுங்கள். ஐந்தாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பினால், டெமோ எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.